பதிவுக்கு இரண்டு நாள், பணம் அனுப்ப மூன்று மாதம்: சிங்கப்பூரில் கம்பெனி தொடங்கிய இருவர் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல் மருத்துவமனைகளுக்கான முன்பதிவு, பில்லிங் மென்பொருளைத் தயாரித்து விற்கும் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனம்) ஒன்றை இந்தியாவில் இரண்டு பங்காளிகள் நடத்திவந்தார்கள். இருவரும் இந்தியக் குடிமக்கள், இந்தியாவிலேயே வசிப்பவர்கள். 2024 இறுதியில் சிங்கப்பூரில் ஒன்பது கிளைகள் உள்ள ஒரு பல் மருத்துவக் குழுமம் அந்த மென்பொருளை எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் மூன்று நிபந்தனைகள் போட்டது. ஒப்பந்தம் சிங்கப்பூரில் பதிவான கம்பெனியுடன்தான் இருக்க வேண்டும். பில் சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், வர வேண்டும். நோயாளிகளின் தகவல்களுக்கு உள்ளூர்ச் சட்டப்படி பொறுப்பேற்க ஆள் வேண்டும்.

பங்காளிகள் சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பற்றி மட்டும் விசாரித்தார்கள். வெளிநாட்டில் தொழில் தொடங்குகிறவர்களில் பலர் செய்வது இதுதான். அந்த நாட்டில் கம்பெனி திறக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள். தம் நாட்டிலிருந்து முதலீட்டை வெளியே கொண்டுபோக என்ன வேண்டும் என்ற கேள்வி பணம் அனுப்பும் நாளில்தான் எழும். இந்த நிகழ்வில் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தியப் பக்கத்திலிருந்து வந்தவை.

பிப்ரவரி 2025: பதிவு

வெளிநாட்டில் இருப்பவர் சிங்கப்பூரில் தானாகவே கம்பெனியைப் பதிவு செய்ய முடியாது. அக்ரா என்று அழைக்கப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் பதிவு பெற்ற முகவர் மூலமாகத்தான் போக வேண்டும். பங்காளிகள் இணையத்தில் ஒரு முகவரைப் பிடித்தார்கள். அரசுக் கட்டணம் சொற்பம்: பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. மூலதனம் 1 வெள்ளி இருந்தால்கூடப் போதும்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 1967 கம்பெனிகள் சட்டத்தின் 145-ஆம் பிரிவுப்படி இயக்குநர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும். பதிவாகி ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலரை நியமிக்க வேண்டும். உள்ளூரில் ஒரு முகவரியும் வேண்டும். இந்த மூன்றையும் ஓராண்டுக்குச் சேர்த்து ஒரே பேக்கேஜாக முகவர் கொடுத்தார். உள்ளூர் இயக்குநராக ஒரு நாமினி, அதாவது பெயருக்கு மட்டும் பதவியில் இருப்பவர், நியமிக்கப்பட்டார்.

மூலதனம் எவ்வளவு என்ற கட்டத்தில் முகவர் 50,000 வெள்ளி என்று போடச் சொன்னார். தொகை பெரிதாக இருந்தால் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை வரும் என்பது அவர் வாதம். ஆளுக்கு 25,000 பங்குகள் ஒதுக்கப்பட்டன. பதிவேட்டில் அது முழுவதும் ‘செலுத்தப்பட்ட மூலதனம்’ என்று ஏறியது. உண்மையில் ஒரு வெள்ளிகூட நகரவில்லை. கம்பெனிக்கு அப்போது வங்கிக் கணக்கே கிடையாது. இரண்டாம் நாள் பதிவுச் சான்று மின்னஞ்சலில் வந்துவிட்டது.

மார்ச் – மே 2025: வங்கியில் தெரியவந்தது

சிங்கப்பூரில் முதலில் அணுகிய வங்கி கணக்குத் திறக்க மறுத்தது. இரண்டு முதலாளிகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள், உள்ளூர் இயக்குநர் நாமினி, கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காகச் சிங்கப்பூருக்கு வருகிறது என்று காட்ட ஒரு காகிதமும் கோப்பில் இல்லாதபோது வங்கி தயங்குவது இயல்பு. இரண்டாவது வங்கி மருத்துவக் குழுமத்தின் எழுத்துபூர்வமான விருப்பக் கடிதத்தையும், எல்எல்பியின் தணிக்கை செய்த கணக்குகளையும், பங்காளிகளில் ஒருவர் நேரில் வருவதையும் கேட்டது. ஏழு வாரம் கழித்துக் கணக்கு திறந்தது.

இடையில் மருத்துவக் குழுமம் முன்பணம் தரத் தயாராக இருந்தது. சிங்கப்பூரில் உள்ள ஒரு நண்பரின் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா என்று பங்காளிகள் யோசித்தார்கள். அது நடக்கவில்லை என்பது அவர்களுக்கு நல்லதாயிற்று. மூன்றாம் நபர் கணக்கில் வந்த பணத்தை எந்த நாட்டுப் புத்தகத்திலும் நேராக எழுத முடியாது. எல்எல்பியிடம் ஜிஎஸ்டி கட்டாமலே ஏற்றுமதி செய்ய உதவும் உறுதிக் கடிதமான எல்யுடி நடப்பில் இருந்தது. ஆகவே கணக்கு திறக்கும்வரை எல்எல்பியே சேவை ஏற்றுமதியாக பில் போட்டு, அந்நியச் செலாவணியாகத் தன் இந்தியக் கணக்கில் வாங்கிக்கொண்டது. வரி பூஜ்ய விகிதம். கம்பெனி பெயரில் ஒப்பந்தம் தொடங்கும் தேதி பின்னால் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்தது மூலதனத்தை அனுப்புவது. எல்எல்பியின் நடப்புக் கணக்கில் பணம் இருந்ததால் அங்கிருந்தே அனுப்பப் பங்காளிகள் விண்ணப்பித்தார்கள். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு இரண்டு காரணம் சொல்லித் திருப்பியது.

ஒன்று, பங்குதாரர்கள் தனிநபர்கள். எனவே பணம் அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ்தான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் அதன் உச்சவரம்பு.

இரண்டாவதுதான் கனமானது. 2022 ஆகஸ்ட் 22 அன்று அறிவிக்கப்பட்ட வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பட்டியலிடப்படாத வெளிநாட்டுக் கம்பெனியில் ஒரு பங்கு வாங்கினாலும் அது நேரடி முதலீடு, அதாவது ஓடிஐ. கம்பெனியின் அமைப்பு ஆவணத்தில் பங்குதாரராகக் கையெழுத்திடுவதும் இதில் சேரும். பணம் போனதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். முதலீட்டைத் தெரிவிக்கும் படிவம் எஃப்சியை ஒரு குறிப்பிட்ட வங்கி வழியே தாக்கல் செய்து, ரிசர்வ் வங்கியிடமிருந்து யுஐஎன் என்ற தனி எண்ணைப் பெற்ற பிறகே முதலீடு நடக்க வேண்டும். பணத்தைப் பிறகு தருவதாகப் பங்கு வாங்கவும் விதிகளில் இடம் உண்டு. ஆனால் அதற்குக் காலவரையறையுடன் எழுதிய ஒப்பந்தமும் அதே படிவமும் வேண்டும். இவர்களிடம் இரண்டும் இல்லை. பிப்ரவரியிலேயே பங்குகள் அவர்கள் பெயருக்கு வந்துவிட்டன.

எடுத்த முடிவு

எந்தப் பணமும் இன்னும் வெளியே போகவில்லை என்பது அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. வங்கி இதை அறிக்கை தாக்கலில் நேர்ந்த தாமதமாக எடுத்துக்கொண்டு, தாமதக் கட்டணத்துடன் படிவத்தை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. கட்டணக் கணக்கு இப்படி: 7,500 ரூபாய், அதோடு தொகையில் 0.025 சதவீதத்தைத் தாமதமான காலத்தால் பெருக்கி வருவது. காலம் ஆண்டுக் கணக்கில் வரும், மாதம் முழுதாகாவிட்டாலும் முழு மாதமாக எடுக்கப்படும். ஒருவரின் பங்கு ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய், தாமதம் மூன்று மாதம். 16 லட்சத்தில் 0.025 சதவீதம் 400 ரூபாய், அதில் கால் பங்கு 100. ஆக ஆளுக்கு 7,600 ரூபாய்.

தொகை சிறியது என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. தாமதம் சரிசெய்யப்படும்வரை அந்தக் கம்பெனியில் மேற்கொண்டு முதலீடு செய்யவோ பங்கை மாற்றிக் கொடுக்கவோ முடியாது. கட்டணம் கட்டித் தீர்க்கும் வசதியும் மூன்று ஆண்டு வரைதான். ‘குடும்பச் செலவு’ என்றோ ‘அன்பளிப்பு’ என்றோ குறியீடு போட்டு, ஒரு செயலி வழியாகப் பணத்தை முன்பே அனுப்பியிருந்தால் இது தாமதம் என்ற வகையில் நின்றிருக்காது. விதிமீறலாகி, ரிசர்வ் வங்கியிடம் அதை ஒப்புக்கொண்டு தொகை கட்டித் தீர்க்கும் காம்பவுண்டிங் விண்ணப்பம் போட வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

மே மாதம் யுஐஎன் வந்ததும் இருவரும் தத்தம் கணக்கிலிருந்து பணம் அனுப்பினார்கள். எல்ஆர்எஸ்ஸில் முதலீட்டுக்காக அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கப்படும். ஆளுக்கு 1.2 லட்சம் பிடிபட்டது. வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. இந்த 2.4 லட்சத்துக்கு அவர்கள் திட்டமிட்டிருக்கவில்லை. பணம் அனுப்பிய ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றை வங்கியிடம் கொடுக்க வேண்டும். அதை அந்த வாரமே கொடுத்துவிட்டார்கள். அக்ரா பதிவேட்டில் ‘செலுத்தப்பட்டது’ என்றிருந்த பதிவையும், பணம் வந்த தேதியோடு பொருந்தும்படி செயலர் திருத்தினார்.

ஜூன் 2025: கைவிட்ட ஒரு திட்டம்

எல்எல்பியைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றி, அதைச் சிங்கப்பூர்க் கம்பெனியின் துணை நிறுவனமாக்கிவிடலாம் என்று ஓர் ஆலோசகர் சொன்னார். பிற்காலத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வந்தால் வசதி என்பது காரணம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர், தன் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துணை நிறுவனம் இருந்தால் அதில் ஓடிஐ செய்ய முடியாது. ‘கட்டுப்பாடு’ என்றால் பாதிக்கு மேல் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த விதிகளில் 10 சதவீத வாக்குரிமை இருந்தாலே கட்டுப்பாடு. ஆளுக்கு 50 சதவீதம் வைத்திருந்த இருவருக்கும் இந்தத் தடை நேரடியாகப் பொருந்தியது.

எல்எல்பி தனியாக, கம்பெனி தனியாக, நடுவில் எழுத்து ஒப்பந்தம் என்று முடிவாயிற்று.

இதே இடத்தில் இன்னொரு வழியும் இருந்ததைப் பங்காளிகள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள். முதலீட்டை எல்எல்பியே செய்திருக்கலாம். இந்திய நிறுவனமாக அது தன் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை, முன் அனுமதி கேட்காத தானியங்கி வழியில் வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். அதன் நிகர மதிப்பு 70 லட்சம், ஆக வரம்பு 2.8 கோடி. தேவைப்பட்டதோ 32 லட்சம். எல்ஆர்எஸ் கிடையாது, அதனால் டிசிஎஸ்ஸும் கிடையாது. தனிநபருக்கு உள்ள துணை நிறுவனத் தடையும் அதற்கு இல்லை. தேவையான எண்கள் எல்லாம் கடைசி தணிக்கை அறிக்கையில் இருந்தன. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜூலை 2025: பங்கு இருந்தால் வேலை செய்யலாமா?

மருத்துவக் குழுமத்தின் முதல் கிளையில் மென்பொருளை நிறுவி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க மூத்த பங்காளி வருகை அனுமதியில் கிளம்பத் தயாரானார். தன் சொந்தக் கம்பெனிக்குத்தானே வேலை என்பது அவர் எண்ணம். அங்கே வாங்கியிருந்த சட்ட ஆலோசனை அதைத் தடுத்தது. கம்பெனியின் உரிமையாளராக இருப்பது வேறு, அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை வேறு. வருகை அனுமதியில் கூட்டங்களுக்குப் போகலாம், வாடிக்கையாளரைச் சந்தித்துப் பேசலாம். நிறுவுதல், பயிற்சி போன்ற வேலைகளுக்கு வேலை அனுமதி வேண்டும், அல்லது விலக்கு பெற்ற வேலைவகை என்று மனிதவள அமைச்சிடம் உறுதிசெய்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி வேலை செய்தால் வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டப்படி 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிறகு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதும் இது முன்னால் வந்து நிற்கும்.

வேலை அனுமதிகளில் ஒன்றான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வாங்கலாமா என்று கணக்குப் போட்டார்கள். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி. நிதித்துறைக்கு இன்னும் அதிகம். ஆனால் இது இளம் வயதினருக்கான தொகை. வயது ஏற ஏற உயர்ந்து, நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 வெள்ளி ஆகிறது. மூத்த பங்காளிக்கு வயது 45. கம்பெனியின் மொத்த மூலதனமும் ஐந்து மாதச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. அதற்கு மேல் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். தொழில்முனைவோருக்கான ஆன்ட்ரபாஸ், துணிகர முதலீடு பெற்றவர்களுக்கும் புத்தாக்கத் தொழில்நுட்பம் கையில் உள்ளவர்களுக்குமானது. சாதாரண பில்லிங் மென்பொருளை வைத்து அதற்குப் போக வேண்டாம் என்று விட்டார்கள்.

எடுத்த முடிவு: சிங்கப்பூர் நிரந்தரவாசி ஒருவரைச் செயல்பாட்டு மேலாளராக நியமிப்பது. நிறுவுவதும் பயிற்சியும் அவர் வேலை. மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. அவர் நிரந்தரவாசியாகி மூன்றாம் ஆண்டைத் தொட்டவர், வயது 55-க்குக் கீழ் என்பதால் மத்திய சேம நிதிக்கு முதலாளி பங்கு முழு 17 சதவீதம், அதாவது 765 வெள்ளி. தொழிலாளி பங்கு 20 சதவீதம் அவர் சம்பளத்திலிருந்து போகும். முதல் திட்டத்தில் இந்தச் செலவு இல்லை. ஆனால் இந்த ஒரு நியமனம் பின்னால் வந்த இரண்டு சிக்கல்களையும் சேர்த்துத் தீர்த்தது.

ஆகஸ்ட் 2025: மென்பொருள் யாருடையது?

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மருத்துவக் குழுமத்தின் வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த மென்பொருளை விற்கும் உரிமை சிங்கப்பூர்க் கம்பெனிக்கு எப்படி வந்தது?

பங்காளிகளிடம் ஒரு பக்கக் கடிதம் இருந்தது. ‘மென்பொருளின் அனைத்து உரிமைகளையும் எல்எல்பி கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கிறது’ என்று ஒரே வரி. தேதி, இரண்டு கையெழுத்து, முத்திரை. கால அளவு இல்லை, நாடு இல்லை, தொகை இல்லை.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை வைத்துப் படித்தால் இந்தக் கடிதத்துக்குக் கிடைக்கும் பொருள் வேடிக்கையானது அல்ல, ஆபத்தானது. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதப்படாத நிலையில், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும். சிங்கப்பூரில் விற்பதற்காக எழுதிய கடிதம் சிங்கப்பூருக்கு எந்த உரிமையும் தரவில்லை.

இன்னும் ஒன்று அடியில் இருந்தது. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் முதலாளி என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முன்பதிவு நினைவூட்டல், காப்பீட்டுக் கோரிக்கை என்ற இரண்டு பகுதிகளை எழுதியவர் ஃப்ரீலான்ஸர். பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தார், உரிமையை எழுதிக் கொடுத்ததில்லை. பணம் கொடுத்தாயிற்று என்பதால் உரிமை தானாக வந்துவிடாது. அந்த இரண்டு பகுதிகளை எல்எல்பிகூட யாருக்கும் கொடுக்க முடியாத நிலை.

வரிசையாகச் சரிசெய்தார்கள். முதலில் ஃப்ரீலான்ஸரிடம் உலகம் முழுமைக்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகாது என்ற வாசகத்தோடு எழுதி வாங்கினார்கள். அவர் நியாயமான ஒரு தொகை கேட்டார், கொடுத்தார்கள். அடுத்து, உரிமையைக் கம்பெனிக்கு மாற்றும் யோசனையைக் கைவிட்டு உரிமம் மட்டும் கொடுத்தார்கள். உரிமையே கைமாறினால் மதிப்பீடு வேண்டும், எல்எல்பிக்கு மூலதன ஆதாய வரி வரும், நாளை கம்பெனியை மூட நேர்ந்தால் மென்பொருளும் அதோடு சிக்கும். உரிமத்துக்கும் 30ஏ பிரிவு வழியாக அதே விதிகள் பொருந்துவதால் காலம், நாடுகள், கட்டணம் மூன்றும் எண்ணில் எழுதப்பட்டன.

எல்எல்பியும் கம்பெனியும் ஒரே இருவருடையவை. எனவே உரிமக் கட்டணம் வெளியாளிடம் வாங்குவதைப் போன்ற விலையாக இருக்க வேண்டும். தொகை எவ்வளவு சிறியதானாலும் எல்எல்பி ஆண்டுதோறும் ஆடிட்டர் சான்றுடன், இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டும் படிவத்தை (அப்போது 3சிஇபி) வரித்துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். சிங்கப்பூர்க் கம்பெனி இந்தக் கட்டணத்தைக் கொடுக்கும்போது 10 சதவீதம் பிடித்து, கொடுத்த மாதத்துக்கு அடுத்த இரண்டாம் மாதம் 15-ஆம் தேதிக்குள் அங்குள்ள உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குச் செலுத்த வேண்டும். அதை எல்எல்பி இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

தகவல் பாதுகாப்பு ஒப்பந்தமும் இதே மாதம் முடிந்தது. இந்தியாவில் உள்ள ஆதரவுக் குழு சிங்கப்பூர் நோயாளியின் கோப்பைத் திரையில் திறந்து பார்ப்பதையும் தகவல் வெளிநாடு போவதாகவே கொண்டு, அங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணையான பாதுகாப்புக்கு எல்எல்பி எழுத்தில் கட்டுப்பட்டது. மேலாளரே தகவல் பாதுகாப்பு அதிகாரியாக அறிவிக்கப்பட்டார்.

அக்டோபர் 2025 – மார்ச் 2026: முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன?

சிங்கப்பூரில் கம்பெனி வரி 17 சதவீதம். புதிய கம்பெனிக்கு முதல் மூன்று ஆண்டு சலுகை உண்டு என்று பேக்கேஜ் விளம்பரத்தில் இருந்தது. முதல் 1,00,000 வெள்ளியில் 75 சதவீதமும் அடுத்த 1,00,000-இல் 50 சதவீதமும் வரியற்றது. விளம்பரத்தில் இல்லாதது, அந்தச் சலுகைக்குக் கம்பெனி சிங்கப்பூரின் வரிவாசியாக, அதாவது வரிக் கணக்கில் அந்நாட்டைச் சேர்ந்ததாக, இருக்க வேண்டும் என்பது. பதிவு அங்கே இருப்பதால் வரிவாசி ஆகிவிடாது. கட்டுப்பாடும் நிர்வாகமும் அங்கே நடக்க வேண்டும். உள்ளூர் இயக்குநர் வெறும் நாமினி, முக்கிய முடிவுகள் வெளிநாட்டில் என்றால் உள்நாட்டு வருவாய் ஆணையம் வரிவாசிச் சான்று தராது.

40,000 வெள்ளி லாபம் வந்தால் என்ன வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புதுக் கம்பெனிச் சலுகையில் வரிக்குரிய தொகை 10,000, வரி 1,700 வெள்ளி. எல்லாருக்கும் கிடைக்கும் பகுதி விலக்கில் முதல் 10,000-இல் 75 சதவீதம், மிச்சத்தில் பாதி கழிந்து 17,500 நிற்கும், வரி 2,975. வித்தியாசம் 1,275 வெள்ளி. இந்தத் தொகைக்காகக் காகிதத்தில் கூட்டம் நடத்திப் பொய்த் தீர்மானம் எழுதுவது முட்டாள்தனம்.

உண்மையான கவலை இந்தியப் பக்கம். வெளிநாட்டுக் கம்பெனியின் திறம்பட்ட நிர்வாக இடம் இந்தியாவாக இருந்தால் அது இந்திய வரிவாசி ஆகும். பங்காளிகள் இதைத்தான் பயந்தார்கள். ஆனால் ஆண்டு வரவு 50 கோடி ரூபாய்க்குள் உள்ள கம்பெனிகளுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-இல் தெளிவாக்கியிருக்கிறது. பலர் இந்த இடத்தில் நிம்மதியாகி நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாது. இந்தியா–சிங்கப்பூர் இரட்டை வரி ஒப்பந்தத்தின் 5-ஆம் விதியில் ‘நிர்வாக இடம்’ என்பதே, வெளிநாட்டுக் கம்பெனிக்கு வரி போட அடிப்படையாகும் ‘நிலையான தொழிலகத்துக்கு’ ஓர் உதாரணம். எல்எல்பி அலுவலகத்தில் உட்கார்ந்து கம்பெனியின் விலை, ஒப்பந்தம், ஆள் நியமனம் எல்லாவற்றையும் முடிவு செய்தால், அதற்குரிய லாபத்துக்கு இந்தியாவில் வெளிநாட்டுக் கம்பெனி விகிதமான 35 சதவீதமும் மேல்வரியும் கேட்க வாய்ப்பு உண்டு. சிங்கப்பூர் வரிவாசியாக இல்லாவிட்டால் ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் கிடைக்காது.

எனவே அதிகாரத்தையே உண்மையில் அங்கே மாற்றினார்கள். மேலாளர் அக்டோபரில் இயக்குநரானார், நாமினி விலகினார். 2025 ஜூன் முதல் நாமினி இயக்குநரை யார் நியமித்தார் என்பதை அக்ராவுக்குத் தெரிவிக்க வேண்டிய விதி வந்துவிட்டதால், அந்த ஏற்பாட்டை நீட்டிப்பதில் பங்காளிகளுக்கும் விருப்பமில்லை. ஒரு வரம்பு வரை ஒப்பந்தம், விலை, ஆள் நியமனம் புதிய இயக்குநரின் கையில். அதற்கு மேற்பட்டவை இயக்குநர் குழுக் கூட்டத்தில், சிங்கப்பூரில். கூட்டத்துக்காக இருவரும் பயணிப்பது வருகை அனுமதிக்குள் அடங்கும்.

விளைவு

முதல் கணக்காண்டு 2025 டிசம்பர் 31-இல் முடிந்தது. மேலாளர் சம்பளமும் சட்டச் செலவும் சேர்ந்து எதிர்பார்த்த லாபம் வரவில்லை. சிறிய நஷ்டம். புதுக் கம்பெனிச் சலுகையை அந்த ஆண்டுக்குக் கோரவில்லை. மருத்துவக் குழுமத்தின் ஒன்பது கிளைகளில் ஏழில் மென்பொருள் ஓடுகிறது.

டிசம்பர் கணக்காண்டைத் தேர்ந்தது நல்ல முடிவு. இந்திய வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நாட்காட்டி ஆண்டைத்தான் கேட்கிறது. அந்த ஒரே கணக்கு இரண்டு இடத்துக்கும் உதவும். பங்குகளையும், கையொப்ப அதிகாரம் உள்ள கம்பெனி வங்கிக் கணக்கையும் இருவரும் தனித்தனியே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

எதிர்பாராத செலவு ஒன்று மிஞ்சியது. வரவு, சொத்து, ஊழியர் எண்ணிக்கை என்ற மூன்றில் இரண்டில் வரம்புக்குள் இருக்கும் சிறிய கம்பெனிக்குச் சிங்கப்பூரில் தணிக்கை விலக்கு உண்டு. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் கொடுக்க வேண்டிய ஏபிஆர் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கைக்கு அந்த விலக்கு உதவாது. முதலீட்டாளர் கையில் கட்டுப்பாடு இருந்தால் தணிக்கை செய்த கணக்குதான் வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டம் கேட்காத தணிக்கையை இந்திய விதிக்காக அங்கே செய்ய வேண்டியதாயிற்று.

மீண்டும் செய்வதானால் மாற்ற வேண்டியவை

பதிவு முகவரை அழைப்பதற்கு முன் அந்நியச் செலாவணி வங்கியின் அதிகாரியிடம் உட்கார வேண்டும். யார் முதலீட்டாளர், தனிநபரா எல்எல்பியா என்பதை அங்கே முடிவு செய்து, படிவம் எஃப்சி தயாராகி, யுஐஎன் வந்த பிறகு பதிவு. இவர்கள் நிலையில் எல்எல்பியே முதலீட்டாளராக இருப்பது மேல். தனிநபர் யாரும் 10 சதவீதப் பங்கு வைத்திராவிட்டால் புதுக் கம்பெனிச் சலுகை போகும். ஆனால் அதன் மதிப்பு மேலே கண்ட கணக்கில் 1,275 வெள்ளி, டிசிஎஸ்ஸில் முடங்கியதோ 2.4 லட்சம் ரூபாய்.

மூலதனத்தைச் சிறியதாகத் தொடங்கி, வங்கிக் கணக்கு திறந்த பிறகு புதிய பங்கு வெளியிட்டு உயர்த்தலாம். ஒவ்வொரு முறையும் அதே யுஐஎன்னில், அதே வங்கி வழியே அறிக்கை போக வேண்டும்.

உள்ளூர் மேலாளரை ஆறு மாதம் முன்னதாகத் தேடியிருந்தால் நாமினி பேக்கேஜ் தேவைப்பட்டிருக்காது, வங்கிக் கணக்கும் விரைவில் திறந்திருக்கும்.

இருவருக்கும் சரிபாதி பங்கு, முட்டுக்கட்டை வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் ஒப்பந்தம் இல்லை. இது பாக்கி. சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத்தில் தீர்வு, ஒருவர் விலகினால் பங்கின் விலையை நிர்ணயிக்கும் முறை, அப்போது வங்கியில் செய்ய வேண்டிய அறிவிப்பு ஆகியவற்றைக் கொண்ட வரைவு இருவரின் வழக்கறிஞர்களிடமும் இருக்கிறது. முதல் ஏபிஆர் தாக்கலுக்கு முன், 2026-க்குள் கையெழுத்தாக வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள்.